சிறு கருவிகளும் அவற்றின் வழுக்களும்

1988-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு நாள் இரவு, அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த விஸ்கான்ஸின் மாநிலத்தின் மாடிஸன் நகரில் இடியுடன் கூடிய பெருமழை பெய்துகொண்டிருந்தது. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி இயல் கற்பித்து வந்த பேராசிரியர் பார்ட்டன் மில்லர், தம் இல்லத்திலிருந்தவாறே தொலைபேசிக் கம்பியின் வாயிலாகப் பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு தொடர்பு கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். மழையின் காரணமாகக் கம்பியில் இரைச்சல் புகுந்தது. அவர் தட்டிய எழுத்துக்களின் இடையே அவர் தட்டாத எழுத்துக்களும் கலந்து சென்றன. கம்பியில் இரைச்சல் புகுவது அக்காலத்தில் இயல்பே. அவருக்கு வியப்பளித்தது வேறொன்று. சிதைந்த எழுத்துக்களைப் பெற்ற நிரல்கள், 'இக்கட்டளை விளங்கவில்லை' என்று விடை கூறாமல், செயலற்று வீழ்ந்தன. அவையோ பலரும் நாள்தோறும் எடுத்தாண்டு வந்த, நன்கு பழகிய கருவிகள்.

மில்லர் இதனைத் தற்செயல் என்று விட்டுவிடவில்லை. தம் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாக அமைத்தார். பொருளற்ற எழுத்துக்களை முறையின்றி உண்டாக்கும் சிறு நிரல் ஒன்று எழுதப்பட்டது. அவ்வெழுத்துக் குவியல் யூனிக்ஸ் கருவிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஊட்டப்பட்டது. யூனிக்ஸின் 7 வகைகளில் ஏறக்குறைய 90 கருவிகள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. அவற்றுள் 24 சதவீதத்திற்கும் மேற்பட்டவை வீழ்ந்தன. 1990 டிசம்பரில் இவ்வாராய்ச்சியின் முடிவுகள் வெளியாயின. 'ஃபஸ் சோதனை' என்று இன்று வழங்கும் முறை இங்ஙனம் தோன்றியது.

நெடுநாள் பயன்பட்ட கருவியில் இத்துணை வழுக்கள் எங்ஙனம் மறைந்திருந்தன? கண்டறிந்த வழுவை முறையாகத் திருத்துவது எவ்வாறு? திருத்திய கருவியைக் காத்து வருவோர் யாவர்? இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரையில் வரிசையாக ஆராய்வோம்.

கருவிகளின் இயல்பு

யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பு 1969-இல் நியூ ஜெர்ஸி மாநிலத்து மர்ரே ஹில்லிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. அதன் சிறப்பியல்புகளுள் ஒன்று, ஒரு வேலைக்கு ஒரு கருவி என்னும் கொள்கை. கோப்பைக் காட்டுவதற்கு ஒரு கருவி, வரிகளை அடுக்குவதற்கு ஒன்று, எண்ணுவதற்கு மற்றொன்று. 1973-இல் டக்ளஸ் மெக்கில்ராயின் யோசனைப்படி, ஒரு கருவியின் வெளியீட்டை மற்றொரு கருவிக்கு உள்ளீடாகச் செலுத்தும் 'பைப்' என்னும் குழாய் இணைப்பு அமைக்கப்பட்டது. தனித்தனிக் கருவிகள் அதனால் ஒரு தொடராக இயங்கும் ஆற்றலைப் பெற்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மழைமானி நிலையங்களிலிருந்து அறிக்கைகள் வருகின்றன. அறிக்கை வருந்தோறும் அந்நிலையத்தின் பெயர் ஒரு கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்கப்படுகிறது என்க. எந்த நிலையம் எத்தனை அறிக்கைகள் அனுப்பியுள்ளது என்பதை அறிய வேண்டும். 'சார்ட்' என்னும் கருவி வரிகளை அகர வரிசைப்படி அடுக்கும். 'யூனிக்' என்னும் கருவி, அடுத்தடுத்து வரும் ஒரே வகையான வரிகளை ஒன்றாக்கி, அவை எத்தனை என்ற எண்ணிக்கையையும் கூறும். அதன் வெளியீட்டை மீண்டும் 'சார்ட்' கருவிக்குச் செலுத்தி, எண்ணிக்கையின்படி அடுக்கிவிட்டால் விடை கிடைத்துவிடும். இவ்வளவையும் ஒரே வரியில் கட்டளையாக எழுதிவிடலாம்.

இவ்வெடுத்துக்காட்டில் ஒன்றை ஊன்றி நோக்குக. ஒரே வகையான வரிகள் கோப்பில் சிதறிக் கிடந்தால் 'யூனிக்' அவற்றை ஒன்றாக்காது. அடுத்தடுத்து இருந்தால்தான் ஒன்றாக்கும். எனினும் இது வழுவன்று. அக்கருவியின் விளக்கக் குறிப்பிலேயே இந்நிபந்தனை எழுதப்பட்டுள்ளது. எழுதப்பட்ட நிபந்தனை விதியாகும். எழுதப்படாமல் ஆசிரியரின் மனத்தில் மட்டும் தங்கிவிட்ட நிபந்தனையே வழுவாகும். இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படையான வேறுபாடு இதுவே.

யூனிக்ஸின் வழியைப் பின்பற்றி அமைந்த லினக்ஸ் இன்று எங்கும் பரவியுள்ளது. உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகள் என ஆண்டுக்கு இருமுறை வெளியாகும் பட்டியலில், 2017 நவம்பர் முதல் இடம்பெறுவன அனைத்தும் லினக்ஸைக் கொண்டு இயங்குவனவே. புனே நகரிலுள்ள உயர்நிலைக் கணிப்பொறி வளர்ச்சி மையத்தின் 'பரம் சித்தி' 2020 நவம்பரில் அப்பட்டியலில் 63-ஆம் இடத்தைப் பெற்றது. இத்தகைய பேரியந்திரத்திலும், கல்லூரி மாணவரின் சிறு கணிப்பொறியிலும், கோப்பை அடுக்குவது 'சார்ட்' என்னும் அதே எளிய கருவிதான். எனவே சிறு கருவியின் வழு சிறு வழுவாக நிற்பதில்லை.

வழு என்பது யாது?

ஆங்கிலத்தில் 'பூச்சி' என்று பொருள்படும் 'பக்' என்னும் சொல்லால் வழங்கும் நிரற்பிழையை இங்கு 'வழு' என்கிறோம். நம் இலக்கண நூலார் சொற்களின் வழக்கை வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலைகளில் வைத்து ஆராய்ந்தனர். விதி பிறழாதது வழாநிலை, பிறழ்ந்தது வழு, பிறழ்ந்ததாயினும் காரணம் கருதியோ வழக்கம் கருதியோ ஏற்றுக்கொள்ளப்பட்டது வழுவமைதி. இம்மூன்றும் கணிப்பொறிக் கருவிகளிலும் உள்ளன என்பதைப் பின்னர்க் காண்போம்.

மில்லர் குழுவினர் கண்ட வழுக்களுட் பலவற்றிற்கு மூலகாரணம், உள்ளீட்டைப் பற்றிய சொல்லப்படாத ஊகமே. 'எவரும் இதைவிட நீண்ட வரியைத் தரமாட்டார்' என்பது அத்தகைய ஊகங்களுள் முதன்மையானது. நிரலாசிரியர் வரியை ஏற்பதற்காக நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்குகிறார். வரி அதைவிட நீண்டதாயின், மிகுந்த எழுத்துக்கள் பக்கத்து இடத்தில் வழிந்து, அங்கிருந்த செய்தியை அழிக்கின்றன. ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் ஒன்றேகால் படி பாலை ஊற்றினால் எஞ்சியது வெளியே வழிவதைப் போன்றதே இது. வேறுபாடு என்னவெனில், வழிந்த பால் கண்ணுக்குத் தெரியும். வழிந்த எழுத்துக்கள் தெரியா.

இவ்வழு எத்துணைக் கேடு விளைக்கும் என்பது அதே 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் உலகிற்குத் தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதிய நிரல், இன்டர்நெட் வழியே ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றிற்குத் தானாகவே பரவிற்று. அது புகுந்த வழிகளுள் ஒன்று, கணிப்பொறியில் யார் யார் வேலை செய்கின்றனர் என்று கேட்போர்க்கு விடையளிக்கும் 'ஃபிங்கர்' என்னும் சிறு பணிநிரல். அந்நிரல் கேள்வியை ஏற்பதற்கு 512 பைட்டு இடத்தையே ஒதுக்கியிருந்தது. பரவும் நிரல் 536 பைட்டுகளை அனுப்பிற்று. மிகுந்த 24 பைட்டுகள், கணிப்பொறி அடுத்து எங்குச் சென்று எக்கட்டளையை நிறைவேற்ற வேண்டும் என்ற குறிப்பையே மாற்றிவிட்டன. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் திணறிப் போயின.

இதற்கான திருத்தம் ஒரே வரியைச் சேர்ந்தது. 'கெட்ஸ்' என்னும் செயற்கூறு, இடத்தின் அளவைக் கேளாமலே வரி முழுவதையும் கொண்டு வந்து கொட்டுவது. 'எஃப்கெட்ஸ்' என்பதோ, இடம் எவ்வளவு என்று கேட்டு, அவ்வளவே தருவது. முன்னதை நீக்கிப் பின்னதை வைத்தனர். ஆயினும் 'கெட்ஸ்' என்பதைச் சி மொழியின் தர விதியிலிருந்தே நீக்குவதற்கு 2011-ஆம் ஆண்டு வரை ஆயிற்று. ஒரு நிரலில் ஒரு வரியைத் திருத்துவது எளிது. அவ்வழு மீண்டும் பிறவாதபடி மொழியைத் திருத்துவதற்கு 23 ஆண்டுகள் தேவைப்பட்டன.

எழுத்தைப் பற்றிய ஊகம்

மில்லர் குழுவினர் கண்ட மற்றொரு வழு தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஒரு பைட்டு 0 முதல் 255 வரை 256 மதிப்புகளுள் ஒன்றைக் கொள்ளும். ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் 0 முதல் 127 வரையிலான மதிப்புகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆதலின், 127-க்கு மேற்பட்ட மதிப்பு வாராது என்று பல நிரலாசிரியர்கள் கருதிவிட்டனர். பல கணிப்பொறிகளில் சி மொழி, எழுத்தைக் குறைக்குறி ஏற்கும் எண்ணாகக் கொள்கிறது. அங்கே 224 என்னும் பைட்டு, 256 கழிய, −32 என்று படிக்கப்படும். அம்மதிப்பைக் கொண்டு ஓர் அட்டவணையில் தேடினால், கணிப்பொறி அட்டவணைக்கு முன்னே 32 இடம் தள்ளிச் சென்று, தொடர்பற்ற ஏதோ ஒன்றை எடுக்கும். நிரல் வீழும், அல்லது, அதனினும் தீங்காக, தவறான விடையைத் தந்துவிட்டுத் தொடர்ந்து இயங்கும்.

இன்று தமிழ் எழுத்துக்கள் யூனிகோட் முறையில், யூடிஎஃப்-8 என்னும் குறியீட்டின்படி சேமிக்கப்படுகின்றன. ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளால் ஆனது. அவற்றுள் முதலாவது எப்போதும் 224; இரண்டாவது 174 அல்லது 175; மூன்றாவது 128 முதல் 191 வரையிலான ஒன்று. அஃதாவது, தமிழ்ச் சொல் ஒன்றில் 127-க்கு உட்பட்ட பைட்டு ஒன்றேனும் கிடையாது. இடிமழை இரவில் கம்பி வழியே வந்த இரைச்சலும், நாம் எழுதும் தூய தமிழும், பழைய ஊகத்தைக் கொண்ட கருவிக்கு ஒன்றேதான்! இரண்டுமே அதன் ஆசிரியர் எதிர்பாராத உள்ளீடுகள். வழுத் திருத்தம் என்பது வல்லுநர்களின் தனி விவகாரம் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

திருத்தும் முறை

கருவி தவறியது என்ற செய்தி பராமரிப்பாளருக்கு வருகிறது. அவர் உடனே நிரலை மாற்றத் தொடங்குவாரேயானால் தவறிழைப்பார். முறையான திருத்தம் ஐந்து படிகளைக் கொண்டது.

முதற்படி, வழுவை மீண்டும் நிகழச் செய்தல். எந்த உள்ளீட்டினால் கருவி வீழ்ந்ததோ, அதனைப் பைட்டுப் பிசகாமல் பாதுகாத்து, அதனைக் கொடுக்கும்போதெல்லாம் கருவி வீழ்கிறதா என்று காண வேண்டும். மில்லரின் முறையில், உண்டாக்கிய எழுத்துக் குவியலும் சேமித்து வைக்கப்பட்டது. இன்றேல் வீழ்ச்சி மட்டும் தெரியும், காரணம் தெரியாது. மீண்டும் நிகழாத வழுவைத் திருத்திவிட்டதாகக் கூறுவது, நோயாளியைக் காணாமல் மருந்து கொடுத்ததற்கு ஒப்பாகும்.

இரண்டாம் படி, சுருக்குதல். உள்ளீடு 1,00,000 வரிகளைக் கொண்டது. அவற்றுள் ஏதோ ஒரு வரியே காரணம் என்க. கோப்பை இரு பாதிகளாக்கி, எப்பாதி கருவியை வீழ்த்துகிறது என்று பார்க்க வேண்டும். அப்பாதியை மீண்டும் இரண்டாக்க வேண்டும். இவ்வாறு 17 முறை செய்தால் அந்த ஒரு வரி அகப்பட்டுவிடும். முன்னர்ச் சரியாக இயங்கிய கருவி இப்போது தவறுகிறதெனில், இம்முறையையே காலத்திலும் கையாளலாம். இடையில் செய்யப்பட்ட மாற்றங்கள் 1,024 ஆயினும், 10 சோதனைகளில் குற்றமுள்ள மாற்றம் இன்னதென்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படி, ஊகத்தைக் கண்டறிதல். எவ்வரியில் நிரல் நின்றது என்பதோடு ஆராய்ச்சியை முடித்துவிடலாகாது. அவ்வரி எதனை நம்பி எழுதப்பட்டது, அதே நம்பிக்கை நிரலின் வேறு எவ்விடங்களில் உள்ளது என்றும் தேட வேண்டும். வழுக்கள் பெரும்பாலும் குடும்பமாக வாழ்வன.

நான்காம் படி, திருத்துவதற்கு முன்பே சோதனையை எழுதுதல். சுருக்கிய உள்ளீட்டைக் கருவிக்குக் கொடுத்து, சரியான விடை வருகிறதா என்று தானே பார்த்துக் கூறும் சிறு நிரலே அச்சோதனை. திருத்துமுன் அது தோல்வியுற வேண்டும். திருத்தியபின் வெற்றி பெற வேண்டும். தோல்வியுறாத சோதனை எதனையும் மெய்ப்பிப்பதில்லை. இச்சோதனை கருவியோடு என்றும் வைக்கப்படும். பிற்காலத்தில் வேறொருவர் அறியாமல் அவ்வழுவை மீண்டும் புகுத்தினால், அது அன்றே எச்சரிக்கும்.

ஐந்தாம் படி, மிகச் சிறிய மாற்றத்தைச் செய்து, காரணத்தோடு பதிவு செய்தல். வழுவைத் திருத்தும் சாக்கில் நிரலை அழகுபடுத்துவதும் புதிய வசதிகளைச் சேர்ப்பதும் கூடா. ஏனெனில், மாற்றத்தைப் பின்னர் ஆராய்பவருக்கு எது திருத்தம், எது அலங்காரம் என்பது விளங்காது போகும்.

பதிவின் பயனுக்குச் சான்று 'ஆக்' என்னும் கருவி. 1977-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிஹன் ஆகிய மூவர் அதனை உருவாக்கினர். 1987 ஆகஸ்டு மாதத்திற்குப் பின் அதில் செய்யப்பட்ட திருத்தங்கள் 'திருத்தங்கள்' என்ற பெயருடைய கோப்பில் தேதியிட்டு எழுதப்பட்டு வந்துள்ளன. பிரையன் கெர்னிஹன் தமது 80-ஆம் வயதில், 2022-இல், அக்கருவிக்கு யூடிஎஃப்-8 எழுத்துக்களை அறியும் ஆற்றலைச் சேர்த்தார். அதற்கு முன் அக்கருவியிடம் 'வழு' என்னும் சொல்லின் நீளம் கேட்டால் 9 என்னும். பின்னர் 3 என்றது. 45 ஆண்டுகள் பழமையான கருவியை அவ்வாறு மாற்ற இயன்றமைக்கு, அது சிறிதாகவும் சோதனைகளோடும் பதிவுகளோடும் காக்கப்பட்டு வந்ததே பெருந்துணை என்று கருதலாம்.

மேற்பூச்சும் வேரும்

மூன்றாம் படியை விரைந்து கடந்தால் விளைவது யாது என்பதை 2014-இல் 'பாஷ்' என்னும் கட்டளை ஏற்பி காட்டிற்று. பயனர் தட்டும் கட்டளையை வாங்கி, உரிய கருவியை இயக்கும் நிரல் இது. 1989 முதல் வழங்கி வருவது. ஒரு பாஷ் மற்றொரு பாஷைத் தொடங்கும்போது, தன்னிடமுள்ள செயற்கூறுகளைச் சூழல் மாறிகள் என்னும் பெயர்-மதிப்புக் குறிப்புகளில் எழுதி அனுப்பும். புதியது அவற்றைப் படித்துக்கொள்ளும். மாறியின் மதிப்பு ஒரு குறிப்பிட்ட அடையாளத்தோடு தொடங்கினால், அது செயற்கூறு எனக் கொள்ளப்பட்டது. செயற்கூறு முடிந்த பின்னரும் ஏதேனும் எழுதப்பட்டிருந்தால், அதையும் பாஷ் கட்டளையாக எண்ணி நிறைவேற்றிவிட்டது!

சூழல் மாறிகளை நம்மவரே அனுப்புவர் என்பது இங்கிருந்த ஊகம். 1989-இல் அது பொருத்தமாகவே இருந்தது. பின்னர் இணையத்தளங்களைத் தரும் கணிப்பொறிகள், வெளியார் அனுப்பிய சொற்களை அம்மாறிகளில் வைத்துப் பாஷுக்கு அனுப்பலாயின. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதனைச் சூழ்ந்த உலகம் மாறிவிட்டது. 25 ஆண்டுகளாக உறங்கிய ஊகம், எங்கோ இருக்கும் அயலார் நம் கணிப்பொறிக்குக் கட்டளையிட வழி திறந்துவிட்டது.

ஸ்தேஃபான் ஷாஸெலா இதனைக் கண்டறிந்து பராமரிப்பாளருக்குத் தெரிவித்தார். 2014 செப்டம்பர் 24-ஆம் நாள் செய்தியும் திருத்தமும் ஒருங்கே வெளியாயின. முதல் திருத்தம், செயற்கூற்றின் பின்னே தொங்கிய கட்டளைகளை மட்டும் தடுத்தது. மிகக் குறுகிய காலத்திற்குள் அதனைக் கடக்கும் வேறு வழியைப் பிறர் கண்டுபிடித்தனர். அதனைத் தொடர்ந்து மேலும் சில வெளிவந்து, மொத்தம் 6 வழுக்கள் பதிவாயின. இறுதியில் வேரிலேயே கை வைக்கப்பட்டது. தனி முன்னொட்டும் பின்னொட்டும் கொண்ட பெயருடைய மாறிகளை மட்டுமே செயற்கூறுகளாகக் கொள்வது என்று விதி செய்யப்பட்டது. வெளியார் அனுப்பும் சொற்கள் அத்தகைய பெயருள்ள மாறிகளில் சென்று அமர்வதில்லை. இப்போது ஊகம் விதியாக மாறிவிட்டது.

வழுவமைதி

இனி, இலக்கண நூலாரின் மூன்றாம் பகுப்புக்கு வருவோம். திருத்தத்தகாத வழுக்களும் உண்டு.

1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை உருவாக்கினார். பல கோப்புகளைக் கொண்ட நிரலை முறைப்படி தொகுப்பது இதன் பணி. இதற்கு எழுதும் குறிப்பில் கட்டளை வரிகள் 'டாப்' என்னும் இடைவெளிக் குறியோடு தொடங்க வேண்டும். சாதாரண இடைவெளிகளோடு தொடங்கினால் பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இது தொல்லை தரும் என்பதை ஃபெல்ட்மன் விரைவிலேயே உணர்ந்தார். ஆனால் அதற்குள் ஏறத்தாழ பன்னிருவர் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். அவர்களுடைய கோப்புகளைக் கெடுக்க அவர் விரும்பவில்லை. பன்னிருவரின் பொருட்டு நிலைத்த அவ்விதி, இன்றளவும் உலகெங்கும் மாணவர்களை மயக்கி வருகிறது.

எண்ணும் கருவியாகிய 'டபிள்யூசி' மற்றோர் எடுத்துக்காட்டு. அதன் 'சி' என்னும் விருப்பக் குறி, எழுத்து என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே. ஒரு பைட்டு ஓர் எழுத்து என்று கருதிய காலத்தில் அது பொருந்தியது. பின்னர் அக்கருத்து பொய்த்தது. 'சி' குறியின் பொருளை மாற்றினால், பைட்டுக் கணக்கை நம்பி எழுதப்பட்ட எண்ணற்ற தொடர்கள் பிழைபடும். எனவே தர விதியை வகுத்தோர், 'சி' என்பதைப் பைட்டுக் கணக்காகவே நிறுத்தி, எழுத்துக் கணக்கிற்கு 'எம்' என்னும் தனிக் குறியைச் சேர்த்தனர். 'வழு' என்னும் சொல்லைக் கொடுத்தால் 'சி' 9 என்னும். 'எம்' 3 என்னும். தொடக்கப் பள்ளி மாணவனோ, 'வ', 'ழு' என இரண்டே எழுத்துக்கள் என்பான். மூவர் கூறுவதும் அவரவர் விதிப்படி சரியே. தமிழ் எழுத்தை எண்ண விரும்புவோர் இவ்வேறுபாட்டை அறிந்து கொள்ளுதல் இன்றியமையாதது.

ஆகவே, பராமரிப்பாளர் ஒவ்வொரு முறையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு: இத்திருத்தத்தால் நன்மை பெறுவோர் யாவர்? இதனால் வேலை கெடுவோர் யாவர்? பாஷின் வழுவைப் போலப் பாதுகாப்பைக் கெடுப்பதாயின் எவருடைய வேலை கெட்டாலும் திருத்தியே ஆகவேண்டும். 'டபிள்யூசி' போன்றவற்றிலோ, பழைய வழியை விட்டுவைத்துப் பக்கத்தில் புதுவழி அமைப்பதே அறிவுடைமை.

காப்போர் யாவர்?

மில்லர் குழுவினர் 1995-இல் மீண்டும் சோதனை நடத்தினர். 1990-இல் கண்டு அறிவித்த வழுக்களில் ஏறத்தாழ 40 சதவீதம், மாற்றமேதுமின்றி அப்படியே இருந்தன. வணிக நிறுவனங்கள் விற்ற யூனிக்ஸ் வகைகளில் 15 முதல் 43 சதவீதம் வரையிலான கருவிகள் தவறின. எவரும் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம் என்று வெளியிடப்பட்ட க்னூ கருவிகளிலும் லினக்ஸிலும் அவ்வளவு 10 சதவீதத்திற்கும் குறைவாயிருந்தது. வழுவை அறிவிப்பது மட்டும் போதாது. படித்துத் திருத்தும் கைகள் வேண்டும் என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

2020-இல் மில்லரும் அவருடன் ஆய்ந்தோரும் அதே பழைய முறையை மீண்டும் கையாண்டனர். லினக்ஸில் 74 கருவிகளுள் 9-உம், மாக் ஓஎஸ் அமைப்பில் 76-இல் 12-உம், ஃப்ரீபிஎஸ்டி அமைப்பில் 78-இல் 15-உம் வீழ்ந்தன அல்லது இயக்கமின்றி நின்றன. 30 ஆண்டுகளுக்குப் பின்னும், நினைவக எல்லையைக் கடத்தல், செயற்கூறு தந்த விடையைச் சோதியாது விடுதல் முதலிய பழங்காரணங்களும் அவற்றினிடையே காணப்பட்டன. ஒரு முறை தூர் வாரிய ஏரி என்றென்றைக்கும் தூர்ந்து போகாது என்று எந்த ஊராரும் கருதுவதில்லை. கருவிகளும் அத்தகையனவே.

இக்காவற்பணி பெரும்பாலும் ஒருவர் இருவருடைய தோளில் நிற்கிறது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இஸட்' என்னும் கருவியைப் பல்லாண்டுகளாகக் காத்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸே காலின்; ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் அவர் அப்பணியைச் செய்து வந்தார். புனைபெயரில் வந்த ஒருவர், இரண்டாண்டுகளுக்கும் மேலாக நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கையைப் பெற்று, இணைப் பராமரிப்பாளரானார். பின்னர் 2024-இல் 5.6.0, 5.6.1 என்னும் இரு வெளியீடுகளில், தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய உதவும் கள்ள வாயிலை ஒளித்து வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியியலாளர், கணிப்பொறியில் நுழைவதற்கு வழக்கத்தினும் ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிச் சென்று, மார்ச் 29-ஆம் நாள் உண்மையை வெளியிட்டார். அவ்வெளியீடுகள் பரவலாகப் பயன்பாட்டிற்கு வருமுன்னரே தடுக்கப்பட்டன. அந்த அரை வினாடியை அவர் பொருட்படுத்தாது விட்டிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய தீங்கு மிகப் பெரிது.

உலகம் முழுவதும் பயன்படுத்தும் பொருளைத் தனியொருவர் இரவில் விழித்திருந்து காப்பது நிலைக்கத்தக்க ஏற்பாடன்று. இத்துறையில் நம் மாணவர்களும் பொறியியலாளர்களும் ஆற்றக்கூடிய பணி உண்டு. அதனைத் தொடங்குவதற்குப் பெரிய சாதனம் எதுவும் வேண்டுவதில்லை. தமிழிலோ வேறு இந்திய மொழியிலோ எழுதிய ஒரு கோப்பை எடுத்து, அடுக்கும் கருவிக்கும், வெட்டும் கருவிக்கும், தேடும் கருவிக்கும் கொடுத்துப் பாருங்கள். விடை விளக்கக் குறிப்போடு பொருந்தாவிடின், கருவியின் பெயரும் பதிப்பும், கொடுத்த உள்ளீடு, எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை ஆகிய நான்கையும் தெளிவாக எழுதிப் பராமரிப்பாளருக்கு அனுப்புங்கள். இயலுமாயின், தவறுவதைக் காட்டும் சிறு சோதனையையும் உடன் வையுங்கள். கருவியை எழுதியவர்கள் நம் எழுத்தைப் பார்த்திராமல் இருந்திருக்கலாம். அவர்களுடைய சொல்லப்படாத ஊகத்தைச் சொல்லிக் காட்டக் கூடியவர்கள் அவ்வெழுத்தை நாள்தோறும் எழுதும் நாமே.